பெரிய காடை எவ்வளவு பெரிசு?

'ஜம்போ' என்பது ஒரு யானையின் பெயர். 1882இல் லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து அமெரிக்க சர்க்கஸ் ஒன்றுக்கு விற்கப்பட்ட யானை அது. பிறகு அந்தப் பெயர் ஆகாய விமானத்துக்குப் போயிற்று, ஐஸ்கிரீம் கப்புக்குப் போயிற்று, கடைசியில் உள்ளங்கையில் அடங்கும் காடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 'ஜம்போ காடை, கரு முட்டை, இந்தியா முழுவதும் பார்சலில் அனுப்பப்படும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. படத்தில் ஒரு கை, கையில் கொழுகொழுவென்று ஒரு பறவை. பக்கத்தில் தராசு இல்லை.

தராசு இல்லாததுதான் விஷயம். காடை உலகில் ஜம்போ என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. 200 கிராம் பறவைக்கும் அந்தப் பெயர், 350 கிராம் பறவைக்கும் அதே பெயர். யாரும் கேட்க முடியாது, யாரும் தடுக்க முடியாது.

நாக்பூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடி காலியாக இருக்கிறது, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. 500 முட்டை வரவழைக்கிறார், இன்குபேட்டர் வாங்குகிறார். 17ஆம் நாள் பெட்டியைத் திறந்தால் 120 குஞ்சு. ஆறு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தால் ஊரில் கிடைக்கும் சாதாரணக் காடையின் எடைதான். அனுப்பியவரைக் கேட்டால் 'தீவனம் சரியில்லை சார்' என்பார். முட்டை பொரியாததற்கு 'உங்க மெஷின் சரியில்லை சார்' என்பார். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்த வியாபாரத்தில் புகார் நிற்பதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால்தான் உண்டு.

முதலில் ஜாதகம். இந்தியாவில் பண்ணையில் வளரும் காடை கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இனம், ஜப்பானியக் காடை. ஜப்பானில் முதலில் அதன் கூவலுக்காகக் கூண்டில் வளர்த்தார்கள். முட்டைக்கும் கறிக்கும் என்று வளர்த்தது இருபதாம் நூற்றாண்டில்தான். நம் நாட்டுக்கு 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. இறங்கிய இடம் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் உள்ள இஜ்ஜத்நகர். 1979இல் அங்கே மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் தனி நிறுவனமானது. 'காரி' என்றால் கோழிக்காரர்களுக்குத் தெரியும். காடையில் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் பெயருள்ள வம்சங்களில் பெரும்பாலானவை அங்கே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை.

காரி உத்தம், காரி உஜ்வல், காரி ஸ்வேதா, காரி பேர்ல், காரி பிரவுன், காரி சுனஹரி. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் தூர்தர்ஷன் தொடரின் பாத்திரங்கள் மாதிரி இருக்கும். இதில் கறிக்காக எடை கூட்டப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டியது உத்தம். பார்க்கச் சாதாரணக் காடை மாதிரியே பழுப்பில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். உஜ்வலுக்கு நெஞ்சு வெள்ளை. ஸ்வேதா முழு வெள்ளை. பேர்ல் முட்டைக்காக வளர்க்கப்பட்டது, வருஷத்துக்குச் சுமார் 300 முட்டை இடும், கறியை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் சொந்த வம்சங்கள் உண்டு. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் உள்ள மத்தியக் கோழி வளர்ப்பு நிறுவனத்திலும் காடை உண்டு. அரசு இடங்களில் முட்டைக்கும் குஞ்சுக்கும் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். கடிதம் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும், தேதி சொல்லும் நாளில் போய் நிற்க வேண்டும். அலுப்புதான். ஆனால் அங்கே ஒரு பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது.

தனியார் பண்ணைகளில் சொல்லப்படும் மற்ற பெயர்கள் வேறு ரகம். 'டெக்சாஸ்' என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் வெள்ளைக் காடை. 'இத்தாலியன்', 'மஞ்சூரியன்', 'திபெத்தியன்' என்பதெல்லாம் பெரும்பாலும் இறகின் நிறத்துக்கு வைத்த பெயர்கள். நிறத்துக்கும் எடைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பொன்னிறக் காடையில் பெரிசும் உண்டு, சோனியும் உண்டு. வெள்ளை இறகுக்கு ஒரு லாபம் மட்டும் நிஜம்: உரித்த பிறகு தோலில் முளை இறகின் கறுப்புப் புள்ளி தெரியாது, கறி சுத்தமாகத் தோன்றும். பதிலுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. சாதாரணக் காடையில் மூன்றாவது வாரத்திலேயே ஆணையும் பெண்ணையும் நெஞ்சு இறகை வைத்துப் பிரித்துவிடலாம். ஆணுக்குச் செம்பழுப்பு, பெண்ணுக்கு வெளிர் நிறத்தில் கறுப்புப் புள்ளி. வெள்ளையில் அந்த அடையாளம் இல்லை. பருவம் வரும் வரை காத்திருந்து, ஆணின் பின்புறச் சுரப்பியை அழுத்தினால் வரும் வெள்ளை நுரையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நூறு பறவைக்கு இதைச் செய்து பார்த்தவர்கள் வெள்ளைக் காடையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

'நேராக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த முட்டை' என்று யாராவது சொன்னால் இறக்குமதி அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கரு முட்டைக்கு மத்திய அரசின் அனுமதியும் நோய்ப் பரிசோதனையும் வேண்டும். சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன் என்பது பெருமையல்ல, குற்றம். பறவைக் காய்ச்சல் அப்படியும் வரும்.

சட்டத்தைத் தொட்டதால் இன்னொன்று. 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜப்பானியக் காடையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லி, புதுப் பண்ணைகளுக்கு அனுமதி தரக் கூடாதென்று மாநிலங்களுக்கு எழுதியது. பண்ணைக்காரர்கள் ஆடிப்போனார்கள். 2013 டிசம்பரில் அந்தப் பிடி தளர்ந்து, வளர்ப்புக் காடைக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் காட்டில் வலை போட்டுப் பிடிக்கிற காடையும் கௌதாரியும் இன்றைக்கும் பாதுகாக்கப்பட்டவைதான். 'நாட்டுக் காடை, ருசி ஜாஸ்தி' என்று சந்தையில் ரகசியமாக விற்பவரிடம் வாங்கி, தன் கூட்டத்தோடு சேர்த்து எடை கூட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எடையும் கூடாது, வனத்துறை வாசலுக்கு வரும்.

இனி எடைக்கு வருவோம். 'எங்க காடை 300 கிராம்' என்று ஒருவர் சொல்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. எந்தப் பறவை, எந்த வயசில், எப்போது நிறுத்தது என்று கேட்க வேண்டும். காடையில் பெண்தான் பெரிசு, ஆண் சிறிசு. இது கோழிக்கு நேர்மாறு என்பதால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். முட்டையிடும் பருவத்தில் உள்ள பெண், வயிற்றில் முட்டையும் குடலில் தீவனமுமாக, மாலை நாலு மணிக்குத் தராசில் ஏறினால் ஓர் எடை. கறிக்கு விற்கிற ஐந்தாவது வாரத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பத்துப் பறவையைக் கூடையில் போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்தால் வேறு எடை. விளம்பரத்தில் வருவது முதலாவது. உங்களுக்குக் காசு தருவது இரண்டாவது.

ஐந்து வாரத்தில் சராசரி 200 கிராமைத் தாண்டும் கூட்டம் இந்தியாவில் நல்ல கறிக்காடைக் கூட்டம். முட்டைக்கான வம்சங்கள் பெரிசான பிறகும் 150 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். 350, 400 என்கிறவர்களிடம் ஒரே ஒரு வீடியோ கேளுங்கள்: வயசு தெரிந்த ஒரு கூண்டிலிருந்து கைக்கு வந்த பத்துப் பறவையை வரிசையாகத் தராசில் வைத்துக் காட்டட்டும். உண்மையான வளர்ப்பாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே வாராவாரம் செய்கிற வேலை அது.

எடை கூட்டுவதில் மந்திரம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய பறவைகளை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டே போனால் கூட்டத்தின் எடை கூடும். காடைக்குத் தலைமுறை இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடுவதால் இது கண்ணெதிரே நடக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹென்றி மார்க்ஸ் என்ற விஞ்ஞானி நாலு வார எடையை மட்டும் பார்த்துப் பல பத்துத் தலைமுறைகளுக்குத் தேர்ந்தெடுத்தார். எடை இரண்டு மடங்கைத் தாண்டியது. ஆனால் இயற்கை கணக்கைச் சும்மா விடுவதில்லை. எடை மிகவும் ஏறிய வம்சங்களில் கருக்கூடுவது குறைகிறது, முட்டை எண்ணிக்கை குறைகிறது, கனத்த ஆண் சோம்பேறியாகிறது. மிகப் பெரிய காடையின் முட்டையை வாங்குகிறவர், கூமுட்டை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டே வாங்க வேண்டும். 'மிகப் பெரிய காடை, 95 சதவீதம் பொரிக்கும்' என்று ஒரே வாயால் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

இவ்வளவு பெரிய காடை உங்களுக்கு வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் காடை பெரும்பாலும் எண்ணிக்கையில் விற்கிறது, கிலோவில் அல்ல. ஹோட்டல்காரருக்கு ஒரு ப்ளேட்டுக்கு ஒரு காடை. 180 கிராம் காடைக்கும் 260 கிராம் காடைக்கும் அவர் ஒரே விலை கொடுத்தால், கூடுதல் 80 கிராமுக்கான தீவனம் உங்கள் தலையில். சாதாரணக் காடை ஐந்து வாரத்தில் தின்பது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பெரிசு அதற்கும் மேலே தின்னும். முதலில் வாங்குகிறவரைப் பாருங்கள். எடைக்கு விலை தருவாரா, உரித்து ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிறாரா, எந்த அளவு அவர் கடாயில் உட்காரும் என்று கேளுங்கள். பதில் 'எதுவானாலும் ஒரே ரேட்' என்றால், நடுத்தர எடையில் நன்றாகப் பொரிக்கும் வம்சமே உங்களுக்கு உத்தமம். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும்.

முட்டையா, குஞ்சா? பக்கத்தில் நம்பகமான பொரிப்பகம் இருந்தால் குஞ்சுதான் லாபம். இது பலருக்குப் பிடிப்பதில்லை. முட்டை மலிவு என்று ஒரு பிரமை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், விலைகள் உதாரணத்துக்குத்தான். முட்டை 8 ரூபாய் என்றால் நூறு முட்டைக்கு 800. பார்சலுக்கு 300. ஆக 1,100. நூறில் 40 பொரித்தால் ஒரு குஞ்சுக்கு 27 ரூபாய் 50 காசு, கரண்ட் செலவு சேர்க்காமல். ஒரு நாள் குஞ்சு 12 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் இது கட்டாது. குஞ்சு கிடைக்காத தூரத்தில் இருக்கிறவர்களுக்கும், பிறந்த ஒரு வாரத்தில் சாகிற குஞ்சுகளை ரயிலில் கொண்டுவர முடியாதவர்களுக்கும், புது ரத்தம் வேண்டும் என்கிற பழைய கைகளுக்கும்தான் முட்டை.

40 என்பது குறைவாகத் தோன்றலாம். பண்ணையிலேயே பொரிக்க வைத்தால் 60, 70 சுலபம்தான். தூரப் பயணம் செய்த முட்டைக்கு அதே எண்ணிக்கையை எதிர்பார்க்கக் கூடாது. விற்பவர் சொல்லும் சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'பொரிப்பு 75 சதவீதம்' என்றால், வைத்த நூறு முட்டையிலா, கருக்கூடிய முட்டையிலா? நூறில் 80 கருக்கூடி, அதில் 75 சதவீதம் பொரித்தால் குஞ்சு 60தான். அவர் 75 என்றதும் சரி, உங்களுக்கு 60 வந்ததும் சரி. அந்த 60இல் முதல் இரண்டு வாரத்தில் சில போகும். மிச்சத்தில் பாதி ஆண். ஆக, நூறு முட்டையிலிருந்து ஒரு பெண் கூட்டத்தை உண்டாக்க நினைப்பவர், எல்லாம் நன்றாக நடந்தாலும் 25, 27 பெண் பறவை என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டியதில் முதலாவது, தாய்க் கூட்டத்தின் வயசு. காடை ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். தொடக்கத்தில் வருவது சிறிசு, கருவும் சரியாகக் கூடாது. பத்து வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை நல்ல காலம். வருஷத்தை நெருங்கிய கூட்டத்தின் முட்டை பெரிசாக இருக்கும், பொரிக்காது. பெரிய முட்டையைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு அதுதான் போய்ச் சேரும்.

இரண்டாவது, ஓர் ஆணுக்கு எத்தனை பெண். இரண்டு அல்லது மூன்று என்றால் சரி. ஐந்து ஆறு என்றால் அவர் தீவனம் மிச்சப்படுத்துகிறார், உங்களுக்குக் கூமுட்டை மிஞ்சும். மூன்றாவது, தாய்ப் பறவைக்கு என்ன தீவனம். சாப்பாட்டு முட்டைக்கான தீவனத்தில் முட்டை வரும், ஆனால் கரு வளர வேண்டிய வைட்டமின் போதாது. பொரிக்கும் கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும் குஞ்சுகளுக்கு இதுவும் ஒரு காரணம். குளிர்காலத்தில் வட இந்தியப் பண்ணையில் வாங்குகிறவர் விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்றும் கேட்கலாம். பகலும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் இல்லாவிட்டால் முட்டை குறைந்துவிடும். குறைந்தால் அனுப்புகிறவர் பத்து நாள் சேர்த்துவைத்துத்தான் உங்களுக்கு நூறு தேற்றுவார்.

அந்தச் சேர்த்துவைத்தல்தான் பெரும்பாலான நஷ்டங்களின் மூலம். காடை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து அந்தி வரை முட்டையிடும். மாலையில் பொறுக்கி, 15 முதல் 18 டிகிரியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு இறங்கும். பார்சல் மூன்று நாள் எடுக்கும் என்றால், அனுப்பும் நாளில் முட்டைக்கு வயசு நாலு நாளைத் தாண்டக் கூடாது. தேதியைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிறவரை விட்டுவிடுங்கள். ஒரு பெண் காடை தன் ஆயுசு முழுக்க ஒரே மாதிரிப் புள்ளிதான் போடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். நூறு முட்டையில் நாலைந்து ஜாடைதான் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அது பெரிய கூட்டத்திலிருந்து வந்ததல்ல. நாலைந்து பறவையின் முட்டையைப் பல நாள் பொறுக்கிச் சேர்த்தது.

கடையில் டப்பாவில் விற்கும் காடை முட்டையை வாங்கிப் பொரிக்க வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பண்ணைகளில் பெரும்பாலும் ஆணே இருக்காது. வேகவைத்து மிளகுத்தூள் போட்டுச் சாப்பிடுங்கள்.

பருவம் முக்கியம். கரு சுமார் 20 டிகிரி வரை தூங்கும். அதற்கு மேல் மெல்ல விழித்துக்கொள்ளும், ஆனால் ஒழுங்காக வளர 37.5 டிகிரி வேண்டும். மே மாதம் நாக்பூரில் கூரியர் வேனுக்குள் அரைகுறைச் சூட்டில் இரண்டு நாள் கிடக்கும் முட்டையில் கரு பாதி விழித்துச் செத்துப்போகும். உடைத்துப் பார்த்தால் கருக்கூடவே இல்லை என்றுதான் வெறுங்கண்ணுக்குத் தோன்றும். பழி ஆண் காடை மேல் விழும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாங்குவது நல்லது. குளிர் முட்டையை அவ்வளவு கெடுப்பதில்லை. தில்லியிலும் ராஞ்சியிலும் உள்ளவர்கள், அந்தக் குளிரில் பிறக்கும் குஞ்சுக்குச் சூடு கொடுக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டையின் கூர்முனை கீழே இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில், ஸ்பாஞ்சுக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ. பாலிதீன் பையில் கட்டி மூடினால் மூச்சு முட்டும், ஈரம் படியும். கழுவி அனுப்பச் சொல்லாதீர்கள். முட்டை பளபளப்பாக வரும், ஓட்டின் மேல் இயற்கை பூசியிருக்கும் பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். கோழிப் பண்ணையும் காடைப் பண்ணையும் ஒரே கொட்டகையில் நடத்துகிறவரிடம் வாங்காமல் இருப்பது மேல். சால்மொனெல்லா மாதிரிச் சில நோய்கள் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். பறவைக் காய்ச்சல் 2006இல் மகாராஷ்டிராவின் நவாபூரில் முதல்முதலாகத் தலைகாட்டியதிலிருந்து, எங்கே வந்தாலும் அந்த வட்டாரத்தில் முட்டை நடமாட்டத்தையே நிறுத்துகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மாவட்டத்தின் செய்தியை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தவுடன் இன்குபேட்டரில் அடுக்காதீர்கள். கூர்முனை கீழாக ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும், ஆட்டத்தில் கலைந்த காற்றறை நிலைக்கு வரும். டார்ச்சை வைத்து விரிசல் பாருங்கள். புள்ளிகள் அதிகம் என்பதால் காடை முட்டைக்குள் கரு தெரிவது கஷ்டம், விரிசல் தெரியும். பிறகு 37.5 டிகிரி, ஈரப்பதம் 55இலிருந்து 60. 14 நாள் வரை திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்றவும். கோழி முட்டை ட்ரேயில் காடை முட்டை நிற்காது, காடைக்கான ட்ரே வேறு. 17ஆம் நாள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டரை முதலில் வாங்குங்கள், முட்டையைப் பிறகு.

குஞ்சு ஏழெட்டு கிராம்தான் இருக்கும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடாவிட்டால் மூழ்கிச் சாகும். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து நொண்டியாகும், சாக்கு விரியுங்கள். முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு.

இப்போது, நல்ல வம்சத்தை வாங்கியவர்களே அதைக் கெடுக்கும் வழி. ஐந்தாவது வாரம் ஹோட்டல்காரர் வருகிறார். கூண்டில் பெரிசு பெரிசாகப் பார்த்து எடுக்கிறார். நல்ல விலை. மிச்சம் நிற்கும் சிறிசுகள் வளர்ந்து முட்டையிடுகின்றன, அடுத்த கூட்டம் அவற்றின் பிள்ளைகள். மூன்று முறை இப்படி நடந்தால், விஞ்ஞானிகள் பெரிசாக்கச் செய்த அதே தேர்வை நீங்கள் சிறிசாக்கச் செய்துவிட்டீர்கள். நாலாவது வாரக் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்து, மேலே உள்ள பெண்ணும் ஆணும் காலில் வளையத்தோடு தனிக் கூண்டுக்குப் போக வேண்டும். ஹோட்டல்காரருக்கு அந்தக் கூண்டைக் காட்டவே கூடாது.

இன்னொரு அபாயம் உறவுக்குள் இணை சேர்வது. காடை இதைக் கோழி அளவுக்குத் தாங்காது. 1960களில் கலிபோர்னியாவில் அண்ணன் தங்கையாகவே இணை சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று தலைமுறைக்குள் வம்சங்கள் அற்றுப்போயின. வீட்டுக் கூட்டத்தில் இவ்வளவு வேகமாக நடக்காது என்றாலும், 'முதல் வருஷம் நன்றாகப் பொரித்தது, இப்போது பொரிப்பதில்லை' என்பவர்களில் பலர் ஒரே பார்சலில் வந்த முட்டையின் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் 100 முட்டையை ஓரிடத்தில் வாங்குவதைவிட, சொந்தமில்லாத இரண்டு இடங்களில் 50, 50 வாங்கலாம். கூட்டத்தை மூன்று கூண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண்களை மட்டும் அடுத்த கூண்டுக்கு நகர்த்தினால் பல வருஷம் புது முட்டை வாங்காமல் ஓட்டலாம். இரண்டு இடமும் நிஜமாகவே வேறு வேறா என்று கேளுங்கள். ஒருவர் மற்றவரிடம் வாங்கி விற்கிற தரகராக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

'முட்டையும் நாங்களே தருவோம், வளர்ந்த காடையும் நாங்களே வாங்கிக்கொள்வோம்' என்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். வளர்ப்புக் கூலிக்கு விட்டு ஒழுங்காக நடக்கும் கம்பெனிகள் உண்டு. அவர்கள் உங்களிடம் முன்பணமாக லட்சங்கள் கேட்பதில்லை. 2012இல் ஈரோடு பெருந்துறையில் ஈமு கோழிக்கு என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். பறவையைச் சாப்பிடுவாரே இல்லை, அடுத்து வந்து முதல் போடுகிறவரின் பணத்தில்தான் வண்டி ஓடியது. காடைக்குச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வித்தியாசம் பெரிசு. ஆனாலும் சந்தை விலையைவிட இரண்டு மடங்குக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் பத்திரத்தில் எழுதித் தந்தால், அந்தக் காடையை அவர் யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்போகிறார் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தொடங்குகிறவர்கள் முதலில் 50 முட்டைக்கு மேல் வாங்க வேண்டாம். வைத்த தேதி, பொரித்தது எத்தனை, கூமுட்டை எத்தனை, ஓட்டுக்குள் செத்தது எத்தனை, நாலாவது வார எடை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கூமுட்டை அதிகம் என்றால் அனுப்பியவரிடமோ வழியிலோ கோளாறு. கடைசி நாட்களில் செத்தது அதிகம் என்றால் உங்கள் மெஷினிலோ தாய்த் தீவனத்திலோ கோளாறு. இந்த நோட்டோடு இரண்டாவது முறை போன் செய்தால் விற்பவரின் குரலே மாறியிருக்கும்.